கொடியக்கா

வண்டியை நிறுத்தினால் மட்டும் அவருக்குப் போதாது. ஓட்டுகிற ஆள் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், எதிரே ரோடு காலியாகக் கிடந்தாலும் சிவப்புக் கொடியை இறக்க மாட்டார். மெதுவாக நடந்து வந்து ஜன்னலோரம் நின்று கேட்பார்.

“அண்ணாச்சி, என்னயப் பாத்தியளா?”

மீசை முளைக்காத கல்லூரிப் பையனும் அவருக்கு அண்ணாச்சிதான். நரைத்துப்போன லாரிக்காரரும் அண்ணாச்சிதான்.

நான் அப்போது ஊத்துக்குளியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு, முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கொண்டுபோய் விடும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலை எட்டரைக்குக் கம்பெனி கேட்டை இழுத்துச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்கள் மத்தியானம் வரைக்கும் வெளியே வேப்பமரத்தடியில் நிற்க வேண்டியதுதான். பதினாறு பேர் அப்படி நின்றால், பதினாறு பேரின் கோபமும் டிரைவர் மேல்தான்.

அந்த வழியில் ரோட்டை அகலப்படுத்தும் வேலை ஆரம்பித்தது. கூடவே குடிநீர்க் குழாயும் பதித்தார்கள். பாதி ரோட்டை ஆள் உயரத்துக்குத் தோண்டிவிட்டு, மீதிப் பாதியில் இரண்டு திசை வண்டிகளையும் மாற்றி மாற்றி விட்டார்கள். பள்ளத்துக்குள் ஜார்க்கண்ட் ஆட்கள் இறங்கிக் குழாய்களை மூட்டிக்கொண்டிருப்பார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் அவர்களுடைய மஞ்சள் ஹெல்மெட் மட்டும் தெரியும். குனிந்துவிட்டால் அதுவும் தெரியாது. மண்ணும் குழாயும் கிடக்கிற ஏதோ ஓரிடம் என்றுதான் நினைத்துக்கொண்டு போவோம்.

அந்தப் பள்ளத்தின் மேற்கு முனையில், ஒரு வளைவில், கொடியோடு நின்றவர்தான் இவர். எங்கள் வேன் பெண்கள் கொடியக்கா என்று பேர் வைத்தார்கள். சொந்தப் பேரை நான் ஆஸ்பத்திரிச் சீட்டில்தான் முதலில் பார்த்தேன். யாரோ வேறு ஒருவருடைய பேர் மாதிரி இருந்தது.

நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் முழுக்கை ஆம்பளைச் சட்டை, அதற்கு மேல் ரோடு காண்டிராக்ட் கம்பெனி கொடுத்த பளபளக்கும் பச்சை மேல்சட்டை. காலில் யாரோ போட்டுக் கழித்த ஷூ. அதற்கு நாடா கிடையாது; ஜட்டிக்குத் தைக்கும் எலாஸ்டிக்கை இழுத்துக் கட்டியிருப்பார். புருவத்தில் எப்போதும் தூசி.

முதல் நாள் நான் பத்து நிமிஷம் தாமதம். எதிர்ப்பக்கம் ஒரு வண்டிகூட இல்லை. கொடி இறங்கவில்லை.

“ஏனுங்க்கா, அக்கட்ட ஒரு வண்டியுங் காணோம். விடுங்க, நேரமாச்சு” என்று கத்தினேன்.

நிதானமாக நடந்து வந்தார்.

“விடுதேன் அண்ணாச்சி. என்னயப் பாத்தியளா?”

“உங்களப் பாத்துத்தானுங்க நிறுத்தியிருக்கறேன்!”

“கொடியப் பாத்து நிறுத்துனிய. என்னய எங்க பாத்திய?”

பின்னால் பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது சுட்டது. திரும்பி அவர் முகத்தை முறைத்துப் பார்த்தேன். அவர் ஒரு முறை தலையாட்டிக்கொண்டார், வருகைப் பதிவேட்டில் ‘உள்ளேன் ஐயா’ என்றதும் வாத்தியார் தலையாட்டுவாரே, அப்படி.

“ஆங். உள்ள ரெண்டு ஆளு இருக்கு. உருட்டிக்கிட்டே போங்க.”

அன்றைக்குக் கேட்டுக்குள் நுழைந்தபோது இரண்டு நிமிஷம்தான் மிச்சம். வாட்ச்மேன் கேட்டின் ஒரு கதவை ஏற்கெனவே இழுத்திருந்தார்.

கொடியக்காவை எனக்குப் பிடிக்காது. தினமும் அந்த வளைவு வருவதற்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே பல்லைக் கடிக்க ஆரம்பித்துவிடுவேன். அவர் ஜன்னலுக்கு வந்து கேட்பதைத் தவிர்ப்பதற்காகவே தூரத்திலிருந்து முகத்தைப் பார்த்துவிடுவேன். அவரும் தலையாட்டுவார். அதுகூட என்னை அதட்டி வேலை வாங்குவது போல இருக்கும்.

“எங்க ஊருப் பக்கந்தாம்ணா. பேச்சக் கேட்டாலே தெரியுது, சங்கரன்கோயில் பக்கம்” என்பாள் ஜெபா. செக்கிங் பிரிவில் வேலை செய்தவள். குடும்பத்தோடு தெற்கேயிருந்து வந்து எங்கள் ஊரில், வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடு ஒன்றில் இருந்தாள். டிரைவருக்குப் பக்கத்து சீட் அவளுடையது. கொடியக்காவிடம் ஒரு வார்த்தையாவது பேசாமல் தாண்ட மாட்டாள். “சாப்டியளா?” என்று இவள் கேட்பாள். “ரோட்டுல நிக்கவளுக்கு என்ன சாப்பாடு, புழுதிதான்” என்பார் அவர். வண்டி நகரும்.

ஒரு நாள் எங்களுக்கு முன்னால் புது வெள்ளைக் கார் நின்றது. உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்கவில்லை. கொடியக்கா போய்த் தட்டினார். கார்க்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். கொடியக்கா நடந்து போய் காரின் முன்பக்கத்துக்கு நேரே நின்றுகொண்டார். கார் ஒரு சாண் நகர்ந்தது. அவர் நகரவில்லை. இன்னொரு சாண். பம்பர் அவருடைய முழங்காலைத் தொட்டது.

காரின் கதவு திறந்தது.

“நான் யாருன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாது அண்ணாச்சி. நான் யாருன்னு உங்களுக்கும் தெரியாது. அதுக்குத்தான் ஒரு மட்டம் பாத்துக்கிடுவோம்னு சொல்லுதேன்.”

வேலையைக் கவனிக்கும் சூப்பர்வைசர் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தார். உள்ளூர்க்காரர். காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் கை தானாகக் கூப்பிக்கொண்டது. “மன்னிச்சுக்குங்க, புது ஆளுங்க. தெரியாமப் பண்ணிப்போட்டாங்க” என்றார். கொடியக்கா பக்கம் திரும்பி, “ஏம்மா, வண்டியெல்லாம் தடையில்லாமப் போகோணும்னுதான உன்னைய இங்க நிக்க வெச்சிருக்கறேன்?” என்று சத்தம் போட்டார்.

“மன்னிச்சுக்கிடுங்க” என்றார் கொடியக்கா இருவருக்கும் பொதுவாக. கார்க்காரர் அவரை மேலும் கீழும் எரித்துவிடுவது போலப் பார்த்துவிட்டுக் கதவை அறைந்தார். உடனே பச்சைக் கொடி உயர்ந்தது.

“பாத்துட்டாவ” என்றார் சூப்பர்வைசரிடம், மெல்ல.

பெண்கள் அன்றைக்குக் கம்பெனி போய்ச் சேரும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் அவரைக் கடக்கும்போது கண்டது வேறு. கொடிக் கம்பை இரண்டு கையாலும் தரையில் ஊன்றிப் பிடித்திருந்தார். கம்பை விட்டால் விழுந்துவிடுவார் போலிருந்தது.

இதற்கு அப்புறம் பத்து நாள் போயிருக்கும். நாங்கள் வரிசையில் மூன்றாவது வண்டி. எதிர்ப்பக்கத்திலிருந்து நூல் மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று, அந்த முனையில் இருந்தவர் கைகாட்டியதை மதிக்காமல் விரட்டிக்கொண்டு வந்தது. சக்கரம் பள்ளத்தின் விளிம்பைத் தொட்டது. டெம்போ போய்விட்டது. அது போன பின், ரொட்டியைப் பிட்டது போல விளிம்பு மண் பிளந்து உள்ளே சரிந்தது.

பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு கூச்சல்.

கொடியக்கா கொடியை எறிந்துவிட்டுக் குதித்தார். நானும் இன்னும் இரண்டு பேரும் ஓடினோம். ஜார்க்கண்ட்காரர் ஒருவர் இடுப்பு வரை மண்ணுக்குள் நின்றார். முகம் வெளுத்திருந்தது. “தீதி, தீதி” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் மொழியில் அக்கா. கொடியக்கா வெறுங்கையால் மண்ணை வாரிக் கால்களுக்கு நடுவே பின்னால் தள்ளினார். நாங்கள் மேலேயிருந்து இழுத்தோம். ஆள் வெளியே வந்துவிட்டார், காலில் சிராய்ப்போடு. எல்லோரும் அவரைச் சுற்றி நின்று தண்ணீர் கொடுத்தோம். கொடியக்கா மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை. சேறான கையோடு முனைக்குப் போய்க் கொடியைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். பின்னால் இன்னும் வண்டிகள் வந்துகொண்டிருந்தன.

மறுநாள் காலையில் ரோட்டில் மணல் மூட்டைகள் முளைத்திருந்தன. இடப்பக்கம் இரண்டு, கொஞ்சம் தள்ளி வலப்பக்கம் இரண்டு, மறுபடி இடப்பக்கம். நேராக ஓட்ட முடியாது. ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்துத்தான் போக வேண்டும். ஒடிக்க வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அவரே தூக்கிப் போட்டவை. ஜெபாவிடம் கேட்டு வாங்கி, எங்கள் கம்பெனி வெட்டுத் துணிக் கழிவைக் கயிற்றில் வரிசையாக முடிந்து, பள்ளத்தோரம் நட்ட கம்பங்களுக்கு நடுவே கட்டினார். ஆரஞ்சு, மஞ்சள், ரத்தச் சிவப்பு. காற்றில் அவை அடித்துக்கொள்ளும் சத்தம் தூரத்திலேயே கேட்கும்.

மூட்டைகள் எங்களுக்கு ஆறு நிமிஷம் கூட்டின. வேலை நடக்கும் இடத்தில் நட்டிருந்த பலகையில் புகாருக்கு ஒரு போன் நம்பர் இருந்தது. நான் அதைக் கூப்பிட்டேன். “ஏனுங்க, ரோட்டுல மூட்டையப் போட்டு அடைச்சு வெச்சிருக்கறாங்க. வேலைக்குப் போறவீங்க எப்படிங்க போறது?” என்று கேட்டேன். இன்னும் பலரும் சொல்லியிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் நின்று மூட்டைகளை எடுக்கவைத்தார். காலையில் பார்த்தால் அவை அதே இடத்தில் இருந்தன. நான் மறுபடி புகார் சொன்னேன். மறுபடி எடுத்தார்கள். மறுபடி வந்தன. மூன்றாவது முறைக்குப் பிறகு சூப்பர்வைசர் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

அந்த நாள் காலையில் தூறலாக இருந்தது. பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் கம்பெனிக்குச் சரக்கைச் சோதிக்க வருகிறார் என்று முந்தைய நாளே சொல்லியிருந்தார்கள். ஒரு பெண் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல்; அவளுக்காகக் காத்திருந்ததில் பதினைந்து நிமிஷம் போய்விட்டது. வளைவுக்கு முன்னால் போன் அடித்தது. மேனேஜர்.

“எங்க இருக்கறீங்க? செக்கிங் டேபிள்ல ஒரு ஆளில்ல. ஒம்பதுக்கு வந்துருவாங்க அவீங்க.”

“வந்துட்டே இருக்கறனுங்க. அஞ்சு நிமிஷம்.”

“அஞ்சு நிமிஷம்னு அரை மணி நேரமாச் சொல்றீங்க. எந்த எடம், அதச் சொல்லுங்க.”

எந்த இடம் என்று சொல்லத்தான் தலையை ஜன்னல் பக்கம் திருப்பினேன். மைல்கல்லோ கடையோ ஏதாவது கண்ணில் படுமா என்று தேடினேன். ஜெபா “அண்ணா!” என்று கத்தினாள்.

முதல் மூட்டையில் சக்கரம் ஏறிக் குதித்தது. போன் கீழே விழுந்தது. பிரேக்கை மிதித்தேன். மண் அள்ளும் டிப்பர் லாரிகளின் சக்கரங்கள் இழுத்து வந்த களிமண் ரோடெங்கும் பூசிக் கிடந்தது. வண்டி நிற்காமல் வழுக்கியது. கண்ணாடிக்கு நேர் எதிரே கொடியக்கா. கொடி உயர்ந்திருந்தது. விசில் வாயிலிருந்தது. ஒதுங்க அவருக்கு இடமும் இருந்தது, நேரமும் இருந்தது. அவர் ஒதுங்கவில்லை. அவருக்கு முதுகுக்குப் பின்னால் பள்ளத்திலிருந்து இரண்டு பேர் கைகளை ஊன்றி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மூட்டை முன்சக்கரத்துக்கு அடியில் போய்ச் சிக்கியது. வேன் பக்கவாட்டில் திரும்பியது. இடது மூலை அவரைத் தட்டி வீசியது. வண்டி நின்றுவிட்டது.

எவ்வளவு நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன் என்று தெரியாது. யாரோ கதவைத் திறந்து என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். கன்னத்தில் ஓர் அறை. முதுகில் இன்னொன்று. “குடிச்சுப்போட்டு ஓட்டறான்.” “போன்ல இருந்தானுங்க, நான் பாத்தேன்.” வட்டம் நெருங்கியது. ஒருவன் கீழே கிடந்த மூங்கில் குச்சியை எடுத்தான். அது கொடிக் கம்பு.

“அடிக்காதிய!”

பள்ளத்தின் விளிம்பில், அந்த இரண்டு ஜார்க்கண்ட்காரர்களின் தோளில் சாய்ந்து கொடியக்கா உட்கார்ந்திருந்தார். இடது கை முழங்கைக்குக் கீழே இருக்கக்கூடாத ஒரு கோணத்தில் தொங்கியது.

“அவரு என்னயப் பாத்துட்டாரு. பாத்துட்டுத்தான் பிரேக் அடிச்சாரு. ரோடு வழுக்கிட்டு. விடுங்க அவர.”

போன் என்று சொன்னவன் ஏதோ எதிர்த்துப் பேச வாயெடுத்தான். “நிக்கது நானு. எனக்குத் தெரியாதா?” என்றார். குச்சியை வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டான்.

போலீஸ் வந்தது. அவர்களிடமும் அதையே சொன்னார். வேனில் இருந்த பெண்களைக் கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜெபா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைக் கேட்டார்கள். “வழுக்கிருச்சுங்க” என்றேன்.

அந்த ஒரு வார்த்தை இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

பெண்களை வேறு வண்டியில் அனுப்பிவிட்டு, அதே வேனில் கொடியக்காவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டு காய்வதற்காக நீளமான ஒரு பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். டீ வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

“நான் பாக்குலீங்க்கா. போன்ல பேசிட்டிருந்தனுங்க.”

“தெரியும்.”

“அப்புறம் ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?”

டீயை ஊதினார்.

“நீங்க ஒதுங்கியிருக்கலாமுங்க.”

“ஒதுங்குனா உங்க வண்டி பள்ளத்துல விழுந்திருக்கும். நான் நிக்கதப் பாத்தாலாவது ஒடிப்பியன்னு நின்னேன்.”

பிறகுதான் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்துச் சொன்னார்.

“எங்க வீட்டுக்காரரு லோடு ஆட்டோ ஓட்டுனாவ. சாயப்பட்டறைக்கும் கம்பெனிக்கும் துணி அடிப்பாவ. அன்னைக்கு நானும் பக்கத்துல இருந்தேன். எங்க அம்மா கடைசியாக் கெடக்கும்போது பாக்க வரலன்னு சண்ட. பேசுதேன், பேசுதேன், அவிய ரோட்டையே பாத்துட்டு இருக்காவ. எனக்குக் கோவம். ‘என் மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்லும்’னு சொன்னேன். திரும்பிப் பாத்தாவ.”

நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“ரோட்டுல வெள்ளக் கோடு போட்டுக்கிட்டு இருந்த ஆளு. குனிஞ்சிருந்தாரு. கொடியோட அங்க யாரும் நிக்கல. அந்த எடத்துலயே முடிஞ்சிட்டாரு. கூட்டம் கூடி அவியள அடிச்சு. குடிச்சிருக்கான்னு சொல்லி அடிச்சு. அவிய ஒரு சொட்டு குடிக்க மாட்டாவ. நான் ஓரமா நின்னுட்டு இருந்தேன் அண்ணாச்சி. நாந்தான் திரும்பச் சொன்னேன்னு ஒரு வார்த்த சொன்னேனா? சொல்லல. சொல்லியிருந்தா அந்த அடியில பாதி என்மேல விழுந்திருக்கும். போலீஸ்லயும் சொல்லல. கோர்ட்டுலயும் சொல்லல.”

“அவரு?”

“அவியளும் சொல்லல. ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தாவ. இன்னைய வரைக்கும் ஒரு வார்த்த, ‘நீதான்’னு சொன்னதில்ல. சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஒரு கையால் வைக்க வராமல் கொஞ்சம் சிந்தியது.

“அதுக்கு அப்புறம் அவிய வண்டியத் தொடுததில்ல. பஸ்ஸுகூட ஏற மாட்டாவ. ஒரு கொடோன்ல காவலுக்கு இருக்காவ. எங்க போனாலும் நடதான். நான் இந்த வேலைக்கு வந்தேன். உங்களுக்காக ஒண்ணும் பொய் சொல்லல, அண்ணாச்சி. அன்னைக்குத் தொறக்காத வாய இன்னைக்குத் தொறந்தேன். அம்புட்டுத்தான்.”

அன்றிரவு தூங்கினேனா என்று கேட்டால், இல்லை. மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பெண்களிடம் சொன்னேன், நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன், அவரைப் பார்க்கவே இல்லை என்று. ஜெபாதான் கையை நீட்டினாள்.

“தெரியும்ணா. நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தோம். போன இங்க குடுங்க.”

அன்றிலிருந்து வண்டி கிளம்பினால் போன் அவளுடைய பைக்குள். மேனேஜர் கூப்பிட்டால் அவளே எடுத்து, “அண்ணன் வண்டி ஓட்டிட்டு இருக்காங்க சார், நிறுத்துனதும் பேசுவாங்க” என்று வைத்துவிடுவாள். மேனேஜரிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மேஜையில் இருந்த சாம்பிள் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மறுமுனையில் இருந்தவர் அவர்தானே. “சரி, இனி வண்டியில இருக்கறப்ப நான் கூப்புடல” என்று சொல்லி அனுப்பிவிட்டார். போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரை இரண்டு தடவை போனேன். மூன்றாவது தடவை உள்ளே போனேன். எழுத்தர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார். வழக்கு நடந்தது. அபராதம் கட்டினேன். லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்தி வைப்பதாக உத்தரவு வரும்வரை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த உத்தரவு வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் கொடியக்காவின் மாவுக்கட்டைப் பிரிக்கும் நாள். கம்பெனியில் கேட்டு வேனை எடுத்துக்கொண்டு அவருடைய லைன் வீட்டுக்குப் போனேன். அவர் மட்டும்தான் வாசலில் நின்றார்.

“அவரு வரலீங்களா?”

“அவிய அப்பமே கெளம்பிட்டாவ. நடந்து போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும்லா.”

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பாதி தூரத்தில், சந்தைக்கு முன்னால், ரோட்டோரம் போய்க்கொண்டிருந்த ஒரு முதுகைக் காட்டினார். ஒல்லியான ஆள். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அங்கே நடைபாதை இல்லை. சாக்கடைக்கும் வண்டிகளுக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் அவர் நடந்துகொண்டிருந்தார். பஸ் ஒன்று அவரை உரசுவது போலப் போனது. தாண்டிப் போகலாம் என்று கியரை மாற்றினேன்.

“தாண்டாதிய” என்றார் கொடியக்கா. “பின்னாலேயே போங்க. மத்த வண்டி ஒதுங்கிப் போகட்டும்.”

முதல் கியருக்கு வந்தேன். அவருக்குப் பின்னால் பத்தடி விட்டு வேனை ஊரவிட்டேன். பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. ஒரு பைக்காரன் பக்கத்தில் வந்து கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். நடந்தவர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். வேனுக்குள் யார் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு மறுபடி நடந்தார். நடை கொஞ்சம் வேகமானது. எங்களை அதிக நேரம் காக்கவைக்கக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வரிசையில் நின்றோம். அவர் நடந்து வந்து கொடியக்காவின் ஜன்னலுக்கு அருகில் நின்றார். மூச்சு வாங்கியது. நெற்றியைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“ஏறுதியளா?” என்று கேட்டார் கொடியக்கா. கேட்டபோது குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் இல்லை என்று தலையாட்டினார். ரயில் வந்தது. சரக்கு ரயில்; பெட்டிகள் தீராமல் போய்க்கொண்டே இருந்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவில், நிற்க முடியாமலோ என்னவோ, அவர் ஒரு கையைத் தூக்கி ஜன்னல் சட்டத்தின் மேல் வைத்துச் சாய்ந்துகொண்டார். கொடியக்கா அந்தக் கையைப் பார்த்தார். தொடவில்லை. மாவுக்கட்டை மடியில் வைத்தபடி நேரே முன்னால் திரும்பிக்கொண்டார். அவர் கன்னம் நனைந்திருந்தது.

கேட் திறந்தது. முன்னால் நின்றவை எல்லாம் சீறிக்கொண்டு கிளம்பின. அவர் அந்தக் கையை ஜன்னலிலிருந்து எடுக்கவில்லை. நான் கிளட்சைப் பாதி விட்டேன். வேன் அவர் நடைக்குச் சமமாக நகர்ந்தது. தண்டவாளத்தைத் தாண்டினோம். அந்தப் பக்கம் கடைவீதி ஆரம்பித்தது. பின்னால் ஊரே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நான் இரண்டாவது கியர் போடவில்லை.